துண்டு மடிக்கும் படிப்பு

நான் ஹைதராபாத் வந்து இறங்கியபோது கச்சிபவுலி முழுக்கப் பாறை. அந்தப் பாறைகளுக்கு நடுவே 1998இல் தொடங்கிய ட்ரிபிள் ஐடிக்கு அப்போது ஆட்சிக்குழுத் தலைவர் ராஜ் ரெட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்கு 1979இல் முதல் இயக்குநர். 1994இல் கணினித் துறையின் டூரிங் விருது. இத்தனைக்கும் அடித்தளம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த சிவில்தான் என்று தமிழ்ப் பையன்கள் நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்.

நான் சேர்ந்தது வேறொரு கல்லூரியின் ஆய்வகம். எங்கள் ரோபோ தாழ்வாரத்தில் பத்தடி உருண்டுபோய்ச் சுவரில் முட்டும். முட்டி முட்டித் தானாகவே கற்றுக்கொள்ளும் என்று கட்டுரை எழுதினேன். கட்டுரை தேறியது. கரூரில் தறி வைத்திருந்த அப்பாவிடம் இதை விளக்கியபோது, "மெஷினுக்கு வாத்தியார் வேலையா? பென்ஷன் உண்டா சாமி?" என்றார்.

பிறகு கம்பெனி. சம்பளம் நாலு மடங்கு, கட்டுரைக்குத் தடை. டிரைவர் இல்லாத கார் செய்வதாக உத்தேசம். ஜெர்மன் நகரப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு ஷேர் ஆட்டோவைக் கண்டாலே தலை கிறுகிறுத்தது. 2018இல் ட்ரிபிள் ஐடியும் இன்டெலும் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு படத்தொகுப்பை வெளியிட்டன: ஹைதராபாத், பெங்களூரு பக்கம் 182 ஓட்டங்கள், சுமார் 10,000 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குக்குத் தனி வகை. சாலை இல்லை, ஆனாலும் வண்டி போகும் என்பதற்கும் ஒரு வகை. இவ்வளவு நேர்மையான ஆவணத்தை என் துறையில் நான் கண்டதில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பொருளையும் யாரோ உட்கார்ந்து கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். மேடைகளில் "தானாகவே கற்கும்" என்பதை அன்றிலிருந்து கொஞ்சம் அடக்கி வாசித்தேன்.

கார் வரவில்லை. நான் பேராசிரியராகக் கல்லூரிப் பக்கம் திரும்பினேன்.

இப்போது எல்லோருக்கும் துணி மடிக்கும் ரோபோ வேண்டும். 2010இலேயே பெர்க்லியில் ஒரு ரோபோ முன்பின் பார்த்திராத 50 துண்டுகளையும் மடித்துக் காட்டியது. துண்டுக்குச் சராசரி 25 நிமிடம். நாங்கள் கைதட்டினோம். வீடியோவைப் பார்த்த அம்மா, "ஈரம் காயட்டும்னு பாக்குதாட்ட இருக்குது" என்றார். 2024இல் வந்தவை சட்டைகூட மடிக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், மனிதர்கள் ரோபோவின் கையை இயக்கி இயக்கிப் பழக்கிய ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கிறது. அதுவும் போதாமல் இப்போது மனிதர்களையே படம் பிடிக்கிறார்கள். எங்கே? துண்டு நெய்து உலகுக்கு அனுப்பும் கரூரில். இளைஞர்கள் தலையில் கேமரா மாட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள். அந்த வீடியோ ரோபோவுக்குப் பாடம்.

அக்கா மகனும் அப்படியொரு வேலையில் சேர்ந்திருக்கிறான். "மூலை கொஞ்சம் கோணினாலும் வீடியோவ அழிச்சுப்போட்டு மறுபடி மடிக்கச் சொல்றாங்க மாமா. அப்புச்சி துண்டு நெஞ்சாரு, நான் மடிக்கிறேன். ஏனுங்க, நீங்க இதுக்குத்தான் பி.எச்.டி. படிச்சீங்களா?"

ஆமாம் என்றேன். அந்த வீடியோ மணிக்கு என்ன விலை போகிறது என்று விசாரித்துச் சொல்லச் சொன்னேன். மானிய விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருக்கிறது.