மசக்கைக்கு லீவு உண்டா?

? காலை மீட்டிங்கிலேயே குமட்டுகிறது. மேனேஜரிடம் எப்போது சொல்வது? இப்போது ஏழாவது வாரம்.
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

காலை மீட்டிங் என்றால் ஆண்களுக்கும் குமட்டும். உங்களுக்கு ஹார்மோனும் சேர்ந்துகொண்டது. மசக்கை பெரும்பாலும் 6-வது வாரம் வாக்கில் தொடங்கும். 9, 10-ல் உச்சம். 16-க்குள் பலருக்கு அடங்கிவிடும். வயிறு தெரிந்து, மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போடுகிற ஐந்தாம் மாதத்தில் நீங்கள் தெம்பாக நடமாடிக்கொண்டிருப்பீர்கள். கஷ்டம் இப்போதுதான், சொல்ல வேண்டியதும் இப்போதுதான். ஆபீஸுக்கே சொல்ல வேண்டாம், அவர் ஒருவரிடம் சொன்னால் போதும். சொல்லும்போதே என்ன வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள்: மீட்டிங்கைப் பதினொரு மணிக்குத் தள்ள முடியுமா, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று. செய்தியை மட்டும் சொன்னால் "வாழ்த்துகள்" மட்டும்தான் கிடைக்கும்.

? மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடாதே, கண்பட்டுவிடும் என்கிறார் மாமியார்.
– பெயர் வேண்டாம், மதுரை

கண் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நேர்கின்றன. சந்தோஷமாகச் சொன்ன அத்தனை பேரிடமும் திரும்பப் போய் அதைச் சொல்வது கொடுமை என்று அனுபவத்தில் கண்டவர்கள் போட்ட தடையாக இருக்கலாம். அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் அந்தத் தடை இருந்துவிட்டுப் போகட்டும். சுகாதார செவிலியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தை அரசின் பிக்மி (PICME) தளத்தில் பதிவு செய்துவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கும். தொகையை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், கண் கொஞ்சம் வழிவிடும். இன்னொன்று: நீங்கள் எக்ஸ்ரே அறையிலோ ரசாயனம் புழங்கும் இடத்திலோ வேலை பார்த்தால், தெரிந்த அன்றே மேலதிகாரிக்குச் சொல்லிவிட வேண்டும். அங்கே ரகசியம் ஆபத்து.

? யாருக்கும் தெரியாமல் சமாளிக்கவே முடியாதா?
– வங்கி ஊழியர், ஈரோடு

2012 டிசம்பரில் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மிடில்டனாலேயே முடியவில்லை. 12 வாரம்கூட ஆகாத நிலையில் கடும் வாந்தியால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க, அரண்மனையே வாய்திறக்க வேண்டியதாயிற்று. உங்கள் கிளையில் பாத்ரூமுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நேற்றே தெரிந்திருக்கும். விளையாட்டை விடுங்கள்: குடித்த தண்ணீர்கூட நாள் முழுக்கத் தங்காவிட்டால், சிறுநீர் அடர் நிறத்தில் போனால், ரத்தம் பட்டால், அடிவயிறு சுருட்டிப் பிடித்தால் பெர்மிஷன் கேட்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கொஞ்சம் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார்.
– விற்பனைப் பெண், தி.நகர்

அவர் முறைப்பது உங்களை அல்ல, சட்டத்தை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும். கர்ப்பிணியாக இருக்க வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. உங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கத்தான் செய்யும். மனைவி நாற்பதாவது புடவையைப் பிரிக்கச் சொல்ல, மடியில் பைகளோடு தூங்கி வழியும் கணவர்களுக்கென்று! அதில் ஒன்றை உங்கள் கவுன்ட்டர் பக்கம் நகர்த்துங்கள். ஆரம்ப மாதங்களில் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஏணி ஏறி மேல் தட்டுக் கட்டை இறக்குகிற வேலையைப் பக்கத்துத் தம்பியிடம் விடுங்கள். பாத்ரூம் போகப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

? மசக்கைக்கு லீவு கேட்டால், '26 வாரம்தான் ரூல்' என்கிறது ஹெச்.ஆர்.
– ஆலை அலுவலகம், கோவை

26 வாரம் 2017-ல் வந்த திருத்தம். அதிலும் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடிவது 8 வாரம்தான். ஆக, சட்டத்துக்கும் வயிறு பெரிதானால்தான் கண் தெரிகிறது. ஆனால் மகப்பேறு விடுப்பு தரும் அதே சட்டத்திலேயே இன்னொரு பிரிவும் உண்டு. கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால், டாக்டர் சான்றிதழோடு சம்பளத்துடன் கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்பு. இது 26 வாரக் கணக்கில் சேராது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் இதே ஒரு மாதம் உண்டு. கரு கலைந்துவிட்டால் ஆறு வாரம். ஹெச்.ஆர். ஒட்டிய நோட்டீஸில் இந்த வரிகள் இருக்காது. எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும்.

? ஆபீஸ் பையில் என்ன வைத்துக்கொள்ளலாம்?
– ஆசிரியை, தஞ்சாவூர்

ரஸ்க், பொரி, பொட்டுக்கடலை. வயிறு காலியானால்தான் புரட்டும். ஆகவே இரண்டு பீரியடுக்கு ஒரு தடவை கொறியுங்கள். நார்த்தங்காய் ஒரு துண்டு, இஞ்சி முரப்பா, பாலித்தீன் பை இரண்டு. வாந்தி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். 1950-களின் இறுதியில் ஐரோப்பாவில் மசக்கைக்கென்று கொடுத்த தாலிடோமைடால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனமாகப் பிறந்தன. இன்று பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. எழுதித் தர வேண்டியவர் உங்கள் டாக்டர்.

? மனைவி வேலையிலிருந்து வந்ததும் ஏழு மணிக்கே தூங்கிவிடுகிறாள். இது சகஜமா?
– கணவர், திருச்சி

சகஜம். புரொஜெஸ்டிரான் செய்கிற வேலை. ஏழு மணிக்கு மேல் தோசை ஊற்றுவது யார் என்று நீங்கள் எழுதவில்லையே?

? பஸ்ஸில் சீட் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வயிறும் தெரியவில்லை.
– வாசகி, தாம்பரம்

'மாசமா இருக்கேன்' என்று விளக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் 'வாந்தி வர்ற மாதிரி இருக்குங்க' என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஜன்னல் ஓர சீட்டே கிடைக்கும்.