கேட்காமல் விட்டதற்கு நன்றி

அனுப்புநர்: ஒரு கணவன், சிட்லபாக்கம், தாம்பரம் மாநகராட்சி.
பெறுநர்: குடும்ப நலத்துறை உயரதிகாரி அவர்கள், சென்னை.
பொருள்: ஆண்களைத் தொந்தரவு செய்யாமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டில் இரண்டாவது பிரசவம் நல்லபடியாக முடிந்தது. தாயும் சேயும் நலம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் அதே சூட்டோடு ஆகிவிட்டது. முடிவெடுத்தது யார் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. நான் இல்லை, ஃபிளாஸ்க்கோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியும் தான் இல்லை என்கிறாள்.

ஆலோசனை வழங்கப்பட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, வழங்கினார்கள். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தபோது, "ரெண்டாவதுதானேம்மா? ஆபரேஷன் பண்ணிடலாம்ல?" என்று கேட்டார்களாம். அவள் "ஐயோ அம்மா" என்றாளாம். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஜி.எஸ்.டி. சாலையில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் சர்வர் இட்லியில் ஆரம்பித்து ரவா தோசை வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். தீர்ந்துபோனதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் "அது முடிஞ்சிடுச்சு சார்" என்பார். உங்கள் துறையும் அறுபது ஆண்டுகளாக இதையே 'கஃபடீரியா முறை' என்று பேசிவருகிறது. எல்லாவற்றையும் எடுத்து வைப்போம், வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்பது கொள்கை. எங்கள் மேசைக்கு வந்தது ஒரே ஐட்டம். அதுவும் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே.

மற்ற ஐட்டங்களைப் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான், சுவரில் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி. லக்னோ ஆய்வகத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஐந்து வருடத்துக்கு ஒரு காப்பர்-டி, பத்து வருடத்துக்கு ஒன்று. "எல்லாமே இலவசமாமே, தெரியுமா?" என்று அவள் கேட்டாள். நான் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தேன்.

சிஸ்டர்களைக் குறை சொல்லவில்லை. அந்தரா போட்டால் மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும், நின்றும் போகலாம் என்று முதலிலேயே பக்குவமாகச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள். அதற்கு உட்கார ஒரு நாற்காலி, சாத்த ஒரு கதவு, பேசக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஆபரேஷன் என்றால் ஒரே பேச்சில் விஷயம் முடிந்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றத்துக்குத்தான் இந்த வேகம் பிடிக்கவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். இத்தகைய முகாம்கள் குறித்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு, பின்விளைவுகளை அவரவர் மொழியில் மருத்துவர் விளக்க வேண்டும், மனம் மாறினால் மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும் என்கிறது. பிரசவ வார்டில் ஒரு மணி நேரமா! நீதிபதிகள் யாரும் அங்கே கட்டிலுக்குக் காத்திருந்ததில்லை போலும்.

படிவத்தில் என் கையெழுத்தையும் கேட்டார்கள். உங்கள் விதிமுறைப்படி கணவனின் சம்மதம் தேவையில்லை என்று பிறகுதான் படித்தேன். இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் குடும்பத் தலைவனாக நிமிர்ந்து நின்றேன். அந்த நிமிடத்திலும், "உங்களுக்குப் பண்ணிடலாமா சார்?" என்று யாரும் கேட்டுவிடவில்லை. ஆண்களுக்குக் கத்தியும் தையலும் இல்லாமல் சில நிமிடங்களில் முடியும், அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம், மூன்று மாதம் ஆணுறை போட்டுப் பிறகு ஒரு பரிசோதனை செய்தால் போதும் என்கிற ஆபத்தான தகவல்களிலிருந்து என்னைக் காப்பாற்றினீர்கள்.

இந்தப் பெருந்தன்மை முன்பு இல்லை. 1950களில் இதே சென்னை மாநில அரசு, பணம் கொடுத்து ஆண்களை ஆபரேஷனுக்கு அழைத்தது. எமர்ஜென்சியில் வடக்கே ஆண்களைப் பிடித்துப் பிடித்து அறுத்தார்கள். அதற்குப் பிறகு ஆண்களிடம் பேச்செடுக்கவே அரசுக்குப் பயம் வந்துவிட்டது. ஆண்களை மிரட்டியதற்கான பிராயச்சித்தத்தைப் பெண்களின் வயிற்றில் செய்துகொண்டிருக்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவனுக்குச் செய்யப்பட்டது 0.1 சதவீதம். யாரோ சிலர் வழிதவறி வந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான வாசக்டமி இருவார விழா நடத்துகிறீர்கள். தயவுசெய்து தேதியை மாற்றிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் என்று எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்போம். வர முடியாததற்கு இதைவிட நல்ல காரணம் கோடையில் கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
0.1 சதவீதத்தில் சேராதவன்.