நுவரெலியாப் பூந்தோட்டங்களின் நாகரிகம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்த காலம். குதிரைப் பந்தயமும் கார்ப் பந்தயமும் ஒருபுறம் கிடக்க, விக்டோரியா பூங்காவின் மலர்க் கண்காட்சியைப் பார்க்கவே கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறி வருவார்கள். இந்த ஊரின் பூந்தோட்டப் பிரியர்களை, பங்களாத் துரைமாரையும் துரைசாணிமாரையும் நகரத்துக் கனவான்களையும், மனமாரப் புகழவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. நான் சொல்லப்போகும் குணங்கள் எல்லாம் அவர்களிடம் உண்மையிலேயே இருப்பவை.

முதலில் அவர்களுடைய வரவேற்பு. தென்னமெரிக்காவின் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்க 1861இல் ஹக்கலயில் தோட்டம் போட்டார்கள். கொய்னா மருந்துக்காக வந்த அந்தச் செடியின் காலம் முடிந்தது. தோட்டம் நிலைத்தது, ரோஜாவுக்கும் பன்னத்துக்கும் வீடானது. ஆஸ்திரேலியாவிலிருந்து யூக்கலிப்டஸ், யப்பானிலிருந்து ஹைட்ரேஞ்சியா, மெக்சிகோவிலிருந்து டேலியா என்று கடல் கடந்து வந்த அத்தனைக்கும் இங்கே பாத்தி வெட்டி வைத்தார்கள். தேயிலையும் அப்படி வந்ததுதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் நட்டது இன்று இலங்கையின் முகவரி. எந்தச் செடியிடமும் உன் பாட்டன் எந்த ஊரில் முளைத்தான் என்று யாரும் கேட்டதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்னும் முட்புதர் ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியை விழுங்கத் தொடங்கிய பிறகுதான் அதைப் பிடுங்கவேண்டும் என்ற பேச்சே வந்தது. கெடுதல் கண்ணில் படும்வரை யாரையும் வெறுக்காத மனம் இது.

சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் முன்பே, 1820களிலிருந்து, கோப்பிக் காட்டுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்து, வழியில் செத்தவர் போக மீதிப்பேர் மலையேறினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேரர்களிடமும் தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு தலைநகரங்களும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியவர்களின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த மண்ணில் ஒரு டேலியாக் கிழங்கு உள்ளூர்ச் செடியாக ஒரு மழைக்காலம் போதும். அந்தத் தாராளத்தை நான் மதிக்கிறேன். அது பாத்தியோடு நின்றுவிட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்தது பேச்சின் கண்ணியம். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இராச் சாப்பாட்டு மேசைக்குக் கோட்டும் டையும் வேண்டும். அந்தத் துப்புரவு பூந்தோட்டப் பேச்சிலும் உண்டு. ரோஜா இலையில் விழும் கரும்புள்ளிக்கு என்ன மருந்து, நத்தையை எப்படி விரட்டுவது, பழைய சாணம் எங்கே கிடைக்கும் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். கேட்டவருக்கு இல்லையென்னாமல் பதியன் கொடுப்பார்கள். பேச்சில் சுடுசொல் இராது, எவர் மனமும் புண்படாது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் 2015 அளவில் கேட்கத் தொடங்கி, 2021வரை வீதியில் நின்றார்கள். அந்த ஆண்டுகளிலும் புல்தரையில் பேச்சு ரோஜாவைத் தாண்டவில்லை. லயம் என்னும் தோட்டத்து வரிசைவீட்டின் மழைக்கு ஒழுகும் காம்பராவும், பெரட்டு என்னும் ஆள்கணக்கில் அரைநாள் கூலியாக வெட்டப்படும் அரைப்பேரும் அரசியல். அரசியல் அங்கே ஆகாது. ஆகாதவை எவை என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். இத்தனை பேர் இத்தனை காலம் ஒரு கட்டுப்பாட்டைக் காப்பது எளிய காரியமல்ல.

அந்தக் கட்டுப்பாட்டில் தவறியவர் ஒருவர் உண்டு. மார்க் அந்தனி பிரேஸ்கர்டில் 1936இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கல பக்கத்தில் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழகினார். தொழிலாளரோடு நெருங்கினார், வேலையை இழந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்ட மேடையில் ஏறி, தோட்டத்தில் கண்டதைச் சொன்னார். அதே மாதம் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் பிறகு அந்த உத்தரவு செல்லாது என்றது. அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ் இன்றும் மலைச்சரிவில் நிமிர்ந்து நிற்கிறது. அது யாரிடமும் எதுவும் பேசவில்லை.

இனி அவர்களுடைய கரிசனம். தை, மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழும். அந்த இரவுகளில் எந்தச் செடிக்குச் சாக்கு போர்த்தவேண்டும், எதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் எடுத்து வைக்கவேண்டும் என்று துரைசாணிமாருக்கு அத்துப்படி. சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்த்துகிறவர் பங்களாத் தோட்டக்காரர். பெரும்பாலும் லயத்திலிருந்து வருகிறவர், சிலசமயம் தகப்பனுக்குப் பின் மகன். கவ்வாத்துக் கத்தியின் சாய்வும், எந்த மொட்டைக் கிள்ளினால் எந்த மொட்டு பெருக்கும் என்பதும் அவருக்குக் கைவந்த கலை. அவரைத் துரைமார் மெச்சத்தான் மெச்சுகிறார்கள்: ‘என் தோட்டக்காரனுக்குக் கைராசி’. நான் கேட்டவரை அந்தப் பேச்சில் எல்லாச் செடிக்கும் லத்தீன் பெயர்வரை வந்தது. அந்த மனிதரின் பெயர் மட்டும் வரவில்லை. சாக்கு போர்த்திவிட்டு அவர் திரும்பும் காம்பராவுக்கு மேலே தகரம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் மூன்று தலைமுறை, இஸ்தோப்புத் திண்ணையில் அடுப்பு. லயத்தோரத்துத் துண்டு நிலத்தில் அவர் வீட்டுப் பெண்கள் போட்ட கோவாவும் லீக்சும் போஞ்சியும், எந்தக் கண்காட்சி மேசையிலும் வைக்கத் தகுந்த மரக்கறி. அந்தத் துண்டு நிலத்துக்கு அவர்களிடம் உறுதிப் பத்திரம் இல்லை. நிர்வாகம் கேட்டால் விளைந்ததோடு விட்டுக்கொடுக்கவேண்டும்.

இவர்களுடைய அறிவைப் பற்றியும் சொல்லவேண்டும். தொட்டியில் நெடுங்காலம் கிடந்த செடியின் வேர் சுவரோடு சுவராகச் சுற்றிக்கொள்ளும் என்றும், என்ன உரம் போட்டாலும் அதன்பின் தழைக்காது என்றும், தரையில் இறக்கி நட்டால்தான் பிழைக்கும் என்றும் இந்த ஊர்ப் பூந்தோட்டப் பிரியர் அத்தனை பேருக்கும் தெரியும். புதிதாகச் செடி வளர்ப்பவருக்கு அவர்கள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். தேயிலைத் தோட்ட மக்கள் தனிவீட்டுக்காகக் கேட்டு வந்ததும் தரைதான். 7 பேர்ச் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள், சுமார் 1,900 சதுர அடி. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை; வீடு கட்டிக் குடியேறியவர்களிலும் பலர் உறுதிக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு ரோஜாவுக்கு எத்தனை அடி இடைவெளி வேண்டும் என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்கள், ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர்ச் வேண்டும் என்ற கேள்விக்கும் அடுத்த ஏப்ரலில், விக்டோரியா பூங்காவிலேயே, வாய் திறந்து பதில் சொல்லலாம்.