தாத்தாவின் அம்பாசடர்

கேள்வி: தாத்தா விட்டுப்போன 1979 மாடல் பெட்ரோல் அம்பாசடரில் புளியங்குடி, தென்காசி, குற்றாலம் என்று சுற்ற ஆசை. ரிப்பேரையும் நானே பார்த்துக்கொள்ளலாமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தாராளமாக. உங்கள் ஊர் கோமதி அம்மன் ஊசிமுனையில் ஒற்றைக்காலில் தவம் இருந்தாள். நீங்கள் பானெட்டைத் திறந்துவைத்து இரண்டு காலிலும் நிற்கலாம், அந்தச் சலுகை உண்டு.

நின்றுபோன 1489 சிசி இன்ஜினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாதி நாள் குற்றவாளி டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்தான். மூடியைக் கழற்றி, கரி பிடித்த முனைகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். சித்திரை வெயிலில் நின்றால் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகியிருக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். (டீ உங்களுக்கு.) கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது மெல்லத் தின்னும். அதை முதலில் மாற்றுங்கள், சீட் உறை அப்புறம்.

பிரேக்கில் மட்டும் யூட்யூப் பார்த்துக் கைவைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

‘விண்டேஜ்’ என்று மீசை முறுக்கவும் அவசரம் வேண்டாம். 2021 விதிப்படி 50 வயது தாண்டினால்தான் அந்தப் பட்டம். வாங்கிவிட்டால் தினசரி ஓட்டவும் கூடாது. ஆகவே, இப்போதே சுற்றிவிடுங்கள்.