தோல் தெரிந்த ஊர்

மாலத்தீவில் ஸ்பா வேலை தேடும் குடியாத்தத்துக்காரரிடம் முன்அனுபவம் கேட்பது அநியாயம். தோலை அழகாக்கும் கலையில் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

இங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளில் முதலில் ஊறவைப்பார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி நீக்குவார்கள். வேக்ஸிங்கில் எழும் 'ஐயோ' இங்கே கேட்கவே கேட்காது. அடுத்து ஆவாரம்பட்டை, கடுக்காய். அதே ஆவாரையின் பூவை அரைத்து டப்பாவில் அடைத்தால் அது குளியல் பொடி, விலையும் தனி. பிறகு எண்ணெய், சாயம், மெருகு. பட்டையில் பதமாகும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. எந்த ஃபேஷியலுக்குக் கிடைத்திருக்கிறது? சென்னை அடையாறில் 1948 முதல் இதற்கென்று மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. படுத்துக் கிடந்த ஆடு, மாடு எதுவும் இன்றுவரை புகார் சொன்னதில்லை.

தீவும் தயார். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், கடலோரம் மசாஜ் மேசை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இறங்கினால் சுற்றுலா விசா இலவசம். அதில் வேலை பார்க்கக் கூடாது, முதலாளி முன்கூட்டியே பணி அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் சில்லறை விவரம். "போய் இறங்கும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிற ஏஜென்ட் அந்தச் சிரமத்தை யாருக்கும் வைப்பதில்லை.

அவரும் இந்த வட்டாரத் தொழிலை முறையாகக் கற்றவர்தான். தோலுரிப்பைக் குடியாத்தம் பேருந்து நிலையத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறார். காயவைப்பதை மட்டும் மாலே விமான நிலையத்தின் பொறுப்பில் விட்டுவிடுவார்.