கேள்வி உங்களுடையது, கண்டிப்பு என்னுடையது

கேள்வி: தினமும் பத்தாயிரம் அடி நடந்தால்தான் ஆரோக்கியமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: பத்தாயிரம் என்பது மருத்துவர் எழுதிய கணக்கல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். நடக்கும்போது பேச முடியவேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. டீக்கடை வரை போய்வருவதையும் சேர்த்துக்கொள்ளலாம், வடை இல்லாமல்.

கேள்வி: உடம்பு இளைக்க நல்ல பொடி ஒன்று சொல்லுங்களேன்?
– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். பத்துக் குறளில் ஆறு, எப்போது, எவ்வளவு, எதைச் சாப்பிடுவது என்பதைப் பற்றியவை. பொடியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

கேள்வி: உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறார்கள். டாக்டரோ உப்பைக் குறை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– குடும்பத் தலைவி, தூத்துக்குடி

பதில்: இருவர் பேச்சையும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும். குழம்பில் போடுவது மட்டும் கணக்கல்ல. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் சேர்த்து. பழமொழி பண்டத்துக்குத்தான் உப்புக் கேட்டது. அப்பளத்தின்மேல் ஊறுகாயைத் தடவச் சொல்லவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சு அடைக்கிறது. 'கேஸ்' என்று சொல்லி சோடா குடிக்கிறார். என்ன செய்ய?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: வரிசையை மாற்றச் சொல்லம்மா. முதலில் ஈ.சி.ஜி., அப்புறம் சோடா. நடு நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகு என்று பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் உடனே 108. அம்மாவையும் கவனி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் மாரடைப்பு வரலாம். ஏப்பம் வந்துவிட்டது என்பது இதயத்துக்கு நற்சான்றிதழ் ஆகாது.

கேள்வி: பக்கவாதத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– தபால்காரர், தேனி

பதில்: முடியும், அரை நிமிடத்தில். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறும். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்பவரை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: நாய் கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடி வைத்தால் விஷம் முறியுமாமே?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

பதில்: மிளகாய்ப்பொடி இட்லிக்கு. கடித்த இடத்துக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும், முழுசாகப் பதினைந்து நிமிடம். அன்றைக்கே ஊசி. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடவேண்டும், கேட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த தவணைகளையும் விடக்கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே சொற்பம். விஞ்ஞானி பாஸ்டர் 1885-இல் தடுப்பூசிக்கு வழி காட்டிவிட்டார். குன்னூரில் அவர் பெயரில் நிறுவனமே 1907 முதல் இருக்கிறது. கடித்தது குட்டி நாய், நம் வீட்டு நாய் என்ற சலுகையெல்லாம் கிருமிக்குத் தெரியாது.

கேள்வி: கடித்த பாம்பை அடித்து எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா?
– விவசாயி, திருவாரூர்

பதில்: வேண்டாம். பாம்பைத் துரத்தினால் ஆம்புலன்ஸில் இரண்டு பேர் ஏறவேண்டி வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் பெரும் பங்கு நம் இருளர் மக்களுடையது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது.

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல், அவரை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் இரவில் வரும். கடித்தாலும் பெரிதாக வலிக்காது. கொசுவுக்காக வாங்கிய வலை எமனையும் தடுக்கும்.

கேள்வி: சமையலறையில் கேஸ் நாற்றம் வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வெளியே அனுப்பிவிடலாமா?
– புதுமணப்பெண், திருச்சி

பதில்: அனுப்பலாம், சுவரோடு சேர்த்து. சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறி போதும். எரிகிற மின்விளக்கை அணைக்கவும் கூடாது. அதிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டுத் திருப்திப்படாதே.

கேள்வி: செப்டிக் டேங்கில் இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார். கூடுதலாகவே பணம் தருகிறேன். தப்பில்லையே?
– வீட்டு உரிமையாளர், சென்னை

பதில்: தப்புதான், குற்றமும்கூட. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அடுத்த மூச்சில் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இப்படித்தான் ஒரே தொட்டியில் மூன்று பேர் சாகிறார்கள்.

கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். யாராவது விழுந்துவிட்டால் இறங்காமல் தீயணைப்புத் துறையை, 101-ஐ அழையுங்கள். எவ்வளவு பணம் கொடுத்தால் நீங்கள் இறங்குவீர்கள்? அந்தப் பதில்தான் என் பதிலும்.

கேள்வி: பக்கத்துத் தெருக் கடைக்குப் போகவும் ஹெல்மெட்டா?
– ஐ.டி. ஊழியர், கோவை

பதில்: லாரிக்காரர் உங்களிடம் 'எத்தனை தெரு தள்ளிப் போகிறீர்கள்' என்று கேட்டுவிட்டு வருவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண வாய்ப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது. வார் பூட்டவேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், தலையில் இருக்கவேண்டும். பெட்ரோல் டேங்குக்கு மூளை கிடையாது.

கேள்வி: விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று நம்மை இழுப்பார்களே?
– பழ வியாபாரி, கிருஷ்ணகிரி

பதில்: அந்தப் பயத்துக்கு 2019-இல் விடை கொடுத்தாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது; பெயர் சொல்லும்படி வற்புறுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. கூட்டத்தில் ஐம்பது பேர் நின்றால், 'யாராவது 108-ஐக் கூப்பிட்டிருப்பாங்க' என்று ஐம்பது பேருமே நினைப்பார்கள். அந்த 'யாராவது' நீங்கள்தான்.

கேள்வி: வீடியோ அழைப்பில் ஒரு போலீஸ்காரர், 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றார். என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

பதில்: சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள் டீச்சர், ஜாமீன் கிடைத்துவிடும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 'யாரிடமும் சொல்லாதே' என்று எவன் சொன்னாலும், உடனே நான்கு பேரிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அதே நிமிடம் சைபர் மோசடி உதவி எண் 1930. அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் நினைப்பது அவனுக்குத் தரும் போனஸ்.

கேள்வி: இரவு வேலை முடிந்து வரும் மகளுக்கு என்ன அறிவுரை சொல்ல?
– தாய், மதுரை

பதில்: ஆட்டோ எண்ணை வீட்டுக்கு அனுப்பட்டும், இருக்கும் இடம் தெரியும்படி போனில் பகிரட்டும், அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 இரண்டும் விரல் நுனியில் இருக்கட்டும். 'ஏதாவது நடந்தால் வீட்டில் திட்டுவார்கள்' என்ற பயம் மட்டும் அவளுக்கு வரக்கூடாது. அது உங்கள் கையில். மகன் இருக்கிறானா? அவனுக்கு இதுவரை எத்தனை அறிவுரை சொன்னீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களே?
– போட்டித் தேர்வு எழுதுபவர், விழுப்புரம்

பதில்: பல் வலிக்குப் போனவரை அப்படி யாரும் சொல்வதில்லை, மனசும் உடம்பில்தான் இருக்கிறது. 14416-இல் 'டெலி மானஸ்' மனநல உதவி, எந்நேரமும், தமிழிலும், இலவசமாக. ஊர் என்ன பேசும் என்று யோசிக்கிற நேரத்தில், நீ பேசிவிடு தம்பி.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமே?
– இளம் தந்தை, அரியலூர்

பதில்: போவது தண்ணீர், ஆகவே கொடுப்பதும் தண்ணீர். 1971-இல் வங்கதேச அகதிகள் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனோபிஸிடம் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழி கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ மருத்துவமனை. பாட்டிகளின் பட்டினி வைத்தியத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: என் கூட்டங்களில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் நல்ல தலைவர்தானே?
– தொழிற்சாலை மேலாளர், ஓசூர்

பதில்: கவலைப்படவேண்டிய தலைவர். 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு. பனிமூட்டம். டச்சு விமானத்தின் தலைமை விமானி பெரிய அனுபவசாலி. அனுமதி வருமுன்பே ஓடுபாதையில் வேகமெடுத்தார். எதிரே இருந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று உள்ளிருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டார். தலைவர் தட்டிக்கழித்தார். இளையவர் அதற்குமேல் பேசவில்லை. விமானங்கள் மோதின. 583 உயிர்கள்.

அதற்குப் பிறகுதான் இளையவர் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் நின்று கேட்கவும் விமானத் துறை பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள்; முதலில் புதிதாகச் சேர்ந்தவரைப் பேசச் சொல்லுங்கள். தலையாட்டும் கூட்டத்தில் தலைவருக்கு ஒரு மூளைதான் மிச்சம்.

கேள்வி: திட்டம் தோற்றால், யாரால் தோற்றது என்று மேலிடத்தில் பெயரைச் சொல்லிவிடலாமா?
– குழுத் தலைவர், பெங்களூரு

பதில்: 1979 ஆகஸ்ட் 10. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்கள் முன் வந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் வெற்றி. அன்று கலாமை அனுப்பிச் செய்தியாளர்களிடம் பேசவைத்தார். பெயரைச் சொல்லத் தெரிந்தவர் சாட்சி. பொறுப்பைச் சுமக்கத் தெரிந்தவர் தலைவர்.

கேள்வி: 58 வயதாகிவிட்டது. இனிமேல் என்ன சாதிக்கப்போகிறேன்?
– அரசு அலுவலர், விருதுநகர்

பதில்: டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியும் அந்த வயதில்தான் ஓய்வுபெற்றார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைப் பழக்கித்தான் கண் அறுவை செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அலுவலகம் உங்களிடமிருந்து நாற்காலியைத்தான் வாங்கிக்கொண்டது.

கேள்வி: இவ்வளவும் நினைவில் நிற்காது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– தேநீர்க்கடைக்காரர், நாகர்கோவில்

பதில்: வாயைத் திறவுங்கள். வலி வந்தால் வெட்கப்படாமல், மிரட்டல் வந்தால் மறைக்காமல், பெரியவர் தவறினால் தயங்காமல். பிழைத்திருக்கக்கூடிய பலர் 'எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு' என்று இருந்துதான் போனார்கள். தொந்தரவு கொடுங்கள். 108, 112, 181, 1930. நான்கையும் கல்லாப்பெட்டிக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 'கடன் அன்பை முறிக்கும்' பலகைக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.