அரைவீச மிக்: உதியன்குளங்கரை வீடொன்றில் போர் விமானம் கட்டி வர்ணம் அடித்தது பற்றிய ஆய்வு

தமிழில் எந்த ஆய்வுக் கட்டுரையும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில்தான் தொடங்கியாக வேண்டும். உதியன் என்பது சேரர் பெயர். உதியஞ்சேரலாதனை அறியாத தமிழாசிரியர் இல்லை. ஆகவே உதியன்குளங்கரை அவன் யானை குளித்த குளத்தின் கரை என்பது முதல் கருத்து. ஒதிய மரம் நின்ற குளக்கரை என்பது இரண்டாவது. இரண்டும் இவ்வாய்வாளர் நேற்றிரவு கரண்ட் போன நேரத்தில் யோசித்தவை. ஆனாலும் இரண்டாவதையே இக்கட்டுரை ஏற்கிறது. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பார்கள். இங்கே ஆராயப்படும் பொருளும் அந்த ரகம்தான்.

பொருள் வருமாறு. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, நெடுஞ்சாலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள வீட்டில், மிக்-21 போர் விமானத்தின் மாதிரி ஒன்று முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்டது. கட்டியவரும் ஆராய்பவரும் ஒருவரே என்பதால் தகவலாளரின் நேர்மை பற்றி ஐயம் கிளப்ப யாருமில்லை.

அளவை முதலில் தீர்த்துவிடுவோம். உலகத்து மாதிரிக்காரர்கள் எழுபத்திரண்டில் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என மூன்று அளவில் விமானம் கட்டுகிறார்கள். எல்லாம் அடியும் அங்குலமும் தந்த கணக்கு. ஓர் அடியை எட்டில் மூன்று அங்குலமாகச் சுருக்கினால் முப்பத்திரண்டில் ஒன்று வரும். முதல் இரண்டுக்கும் நம் கீழ்வாயிலக்கத்தில் பெயர் கிடையாது. மூன்றாவதற்கு உண்டு. கால், அரைக்கால், வீசம் என்று இறங்கினால் அடுத்த படி அரைவீசம், அதுதான் 1/32. மிக்-21 இன் இறக்கை அகலம் 7.154 மீட்டர். அரைவீசமாக்கினால் 22 சென்டிமீட்டரும் சொச்சமும், அதாவது ஒரு சாண். தஞ்சாவூரில் 2020 முதல் நிற்கும் சுகோய்-30 இன் இறக்கை 14.7 மீட்டர், அரைவீசமாக்கினால் ஒரு முழம். எண்சாண் உடம்புள்ள விமானி கால் சாண் ஆகிவிடுகிறார். ஆங்கிலேயர் தமக்காக வகுத்த அளவு நம் சாணுக்கும் முழத்துக்கும் இப்படிப் பொருந்துவது தற்செயல் என்று நம்பும் அளவுக்கு இவ்வாய்வாளர் எளியவர் அல்லர்.

சுருக்குவதை இவ்வூர் மதிப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில் செங்கல் மகேஸ்வரம் கோயிலில் சிவலிங்கமே 111.2 அடி உயரம். உள்ளே ஏறிப் போகலாம். அதை அரைவீசமாக்கினால் மூன்றரை அடி வரும் என்று கோயிலுக்குப் போகிற வழியில் அம்மச்சியிடம் சொன்னேன். “தெய்வத்தையாக்கும் சுருக்குத?” என்றார். ஆய்வின் அந்தக் கிளை அத்தோடு கைவிடப்பட்டது.

பெட்டி 2024 ஓணம் கழிந்து திருவனந்தபுரத்திலிருந்து கேரள அரசு பஸ்ஸில் வந்தது. மடியில் கொள்ளாத பெட்டி. கண்டக்டர் “கேக்கா?” என்றார். “மிக்” என்றேன். அவர் அதைப் பலகாரத்தில் ஒருவகை என்று எடுத்துக்கொண்டார். இம்மாவட்டத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை: தும்பாவில் ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். தும்பாவின் முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21. இந்திய விமானப்படைக்கு மிக்-21 வந்து சேர்ந்ததும் அதே 1963இல்தான்.

இனி முன்னாய்வுகள். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ஓட்டுகிறவன் இல்லாத வானவூர்தி ஒன்று வருகிறது. அதை எப்படிக் கட்டினார்கள் என்ற விவரம் இல்லாததால் நமக்குப் பயனில்லை. சீவக சிந்தாமணி அப்படியல்ல. சச்சந்தன் தன் மனைவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறிக்குத் திருத்தக்கதேவர் பொருட்பட்டியலே தருகிறார்: துணிக்கிழி, பயின் என்னும் பசை, நூல், அரக்கு, மெழுகு. நான் தரும் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. பூச்சைத் துடைக்கத் துணி, ஒட்டப் பசை, ஆன்டெனாக் கம்பிக்கு நூல், அரக்குக்குப் பதில் லாக்கர். பிசுக்குப் பிடித்த பின் பளபளப்பாக்க மெழுகு. ஒரே வேறுபாடு காலம். சிந்தாமணித் தச்சன் ஏழு நாளில் முடித்தான். எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அந்த மயில் சுடுகாட்டில் போய் இறங்கியதையும் நினைவில் வைக்க வேண்டும். அவசரத்தில் கட்டிய பொறி அப்படித்தான் இறங்கும்.

கட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி, பசை தொட்டு ஒட்டி, மூட்டுவாயில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் விரல் நகத்தால் வருட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும். மூக்கில் கனம் இல்லாவிட்டால் விமானம் வால் தரையில் பட உட்கார்ந்துவிடும். பொழியூர் கடற்கரையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு நாலு வாங்கி மூக்குக்குள் போட்டேன். மீன் வாடை போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், அது கற்பனை.

வர்ணத்துக்கு வருவோம். மிக்-21கள் இங்கே வந்தபோது பல வருஷம் மேலே பச்சையோ பழுப்போ இல்லாமல் வெறும் உலோக நிறத்தில் நின்றன; 1971 போர் வந்தபோதுதான் அவசர அவசரமாகப் பலவற்றுக்கு மறைப்பு வர்ணம் பூசினார்கள். நான் உலோக நிறத்தையே தேர்ந்தெடுத்தேன், எளிது என்று நினைத்து. எவர்சில்வர் குடத்தில் விரல் பட்டால் தெரிகிற மாதிரி இதில் எல்லாம் தெரியும். தூசி, கீறல், நேற்றுச் சரியாகத் தேய்க்காத பட்டி. தவிரவும் வெள்ளி நிறம் வெள்ளியாக மின்ன வேண்டுமென்றால் அடியில் பளபளக்கும் கறுப்பு அடிக்க வேண்டும். இதை அம்மச்சிக்கு விளக்க ஒரு சாயங்காலம் பிடித்தது. “கறுப்புக்கு மேல வெள்ளி அடிச்சா வெளுக்குமா, பின்ன முதல்லேயே வெள்ளி அடிச்சா என்னவாக்கும்?”

இதற்குச் சரியான பதில் சொன்னவர் சாலையோரத்தில் கார்களுக்கு டிங்கரிங்கும் பெயின்டிங்கும் செய்யும் ஆசான். கறுப்பின் வழுவழுப்பைத்தான் வெள்ளித்துகள் கண்ணாடி போல் காட்டுகிறது. அடி சொரசொரத்தால் மேலே சாம்பல்தான் தெரியும் என்றார். என் ஏர்பிரஷை வாங்கி, பீடி மாதிரி இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தார். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் நீர்த்துளி வருகிறதா என்று உள்ளங்கையில் ஊதிச் சோதித்தார். துலாமழை நேரம் அது. “மழையில தின்னர் அடிச்சா வெள்ள பூக்கும், மக்ளே. ரண்டு நாள் வெயில் வரட்டு.” நான் கேட்கவில்லை. அடித்து இருபது நிமிஷத்தில் இடது இறக்கை முழுவதும் பால் ஆடை போல மங்கியது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து, காயும் வர்ணத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிணற்றடித் துணி மாலைக்குள் காயாத நாளில் லாக்கர் அடிக்கக் கூடாது. இவ்வாய்வின் ஒரே விஞ்ஞான முடிவு இது. துலாமழை, எடவப்பாதி இரண்டையும் கழித்தால் மிஞ்சுகிற நாளில்தான் இங்கே விமானம் உருவாகும்.

விமானி உட்காரும் அறையின் நிறம் தனி வழக்கு. சோவியத்காரர்கள் அதை நீலத்திலும் சேராமல் பச்சையிலும் சேராமல் அடித்தார்கள். கையேட்டில் எண் இருந்தது. அந்த எண்ணுள்ள டப்பா கிடைக்கவில்லை. கண்ணால்தான் கலக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சேலை தேடலாம் என்றால் பக்கத்தில் இருப்பது பாலராமபுரம். அங்கே நெய்வது வெளுப்பும் கசவும். கடைசியில் களியக்காவிளையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தொங்கிய சேலையைக் காட்டி “அது என்ன நிறம்?” என்றேன். “மயில்கழுத்து” என்றார் கடைக்காரர். மயிற்பொறியை நினைத்துக்கொண்டேன். எல்லை தாண்டியதும் பெயர் கிடைத்துவிட்டது. சேலை வாங்காமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்ததற்கு அவர் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

இதற்குப் பிறகுதான் இக்கலையின் விசித்திரமான கட்டம். புத்தம் புதிதாக ஜொலிக்கும் விமானத்தை அழுக்காக்க வேண்டும். வால்புறத்தில் சூட்டில் வெந்த நீலம் வர வேண்டும், புல்லட் சைலன்சரில் வருவதுபோல. தகடுகள் சேரும் கோடுகளில் எண்ணெய்க் கறை தெரிய வேண்டும். பழுப்பு எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்து, நுனித் தூரிகையால் கோட்டில் தொட்டால் தானே ஓடிப் பரவும். அரை காய்ச்சலில் மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும், அதுவும் மூக்கிலிருந்து வால் நோக்கி, காற்று ஓடும் திசையில் மட்டும். கறையைத் தொட்டுவைத்துவிட்டு நான் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மச்சி தோர்த்தின் நுனியால் விமானத்தைத் துடைத்து முடித்திருந்தார். “ஒரே அழுக்கு. எண்ணெய் வேற.” நெஞ்சு அடைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குத்துவிளக்கைத் தண்டுவாக்கில் துடைக்கிற பழக்கத்தில் மூக்கிலிருந்து வாலுக்கே துடைத்திருக்கிறார். கோடுகளில் மட்டும் கறை நின்றிருந்தது. நான் செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டீகரில் மிக்-21 விடைபெற்றது. 62 வருஷ ஓட்டம். அதற்கு நாலு நாள் முன்புதான் என்னுடையது முடிந்திருந்தது. அக்டோபர் 1 பூஜை. அரிவாள், கத்தரிக்கோல், பேரனின் பாடப்புத்தகங்கள் ஆகியவற்றோடு மிக்கையும் அம்மச்சி பூஜைக்கு வைத்துவிட்டார், மூக்கில் சந்தனப் பொட்டோடு. விஜயதசமிக்கு எடுத்துப் பார்த்தபோது பொட்டு உதிர்ந்து, மஞ்சளாக ஒரு வளையம் மட்டும் நின்றது. அழித்துவிடலாம் என்று டர்பன்டைன் எடுத்தவன் ஆதாரம் தேடினேன். 2019 அக்டோபர் 8, தசரா நாள், பிரான்ஸின் மெரிஞ்ஞாக்கில் முதல் ரஃபேலைப் பெற்றுக்கொண்டபோது ராஜ்நாத் சிங் அதன்மேல் ஓம் எழுதி, தேங்காய் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். ஆகவே என் விமானத்தின்மேல் உள்ள கறைகளில் சான்றுள்ள கறை இந்த மஞ்சள் வளையம் ஒன்றுதான். டர்பன்டைனை மூடி வைத்தேன்.

எலுமிச்சை மிச்சமிருக்கிறது. அரைவீசக் கணக்கில் அது ஒன்றரை மில்லிமீட்டர், கடுகளவு. அம்மச்சியிடம் மூன்று கடுகு கேட்டேன். “மூணு கடுகில என்னத்த தாளிக்கதாக்கும்?” என்றபடி அஞ்சறைப்பெட்டியைத் திறந்தவர், விஷயம் தெரிந்ததும் மூடிவிட்டு, உள்ளறையிலிருந்து கண்ணேறு கழிக்க வைத்திருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்தார். வெண்கடுகு. மஞ்சளாகவே இருக்கிறது, வர்ணம் அடிக்க வேண்டியதில்லை.